பேய்சியன் உய்த்துணர்வில் ஆய்வாளராவது: முதுகலைக்குப் பின் எதைக் கற்பது, எதைச் சோதிப்பது

புள்ளியியலில் முதுகலை முடித்து, பேய்சியன் முறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமஸ் பேய்ஸ் 1761-இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வழியாக வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த தேற்றம் ஒரே வரியில் அடங்கும்: பின்பரவல் (தரவைப் பார்த்த பின் நாம் கொள்ளும் நிகழ்தகவுப் பரவல்), முன்பரவலையும் (தரவைப் பார்க்கும் முன் கொண்டிருந்த பரவல்) லைக்லிஹுட் சார்பையும் (ஒவ்வொரு மதிப்பின் கீழும் இந்தத் தரவு வருவதற்கான வாய்ப்பின் அளவு) பெருக்கிக் கிடைப்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆய்வாளரின் உழைப்பெல்லாம் இந்த வரியைச் சுற்றி எழும் மூன்று கேள்விகளில் இருக்கிறது. முன்பரவல் எங்கிருந்து வந்தது? பின்பரவலை நம்பத்தக்க விதத்தில் எப்படிக் கணக்கிட்டீர்கள்? உங்கள் மாதிரி (தரவு உருவாகும் விதத்தை விவரிக்கும் கணித அமைப்பு) தவறானது என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்? ஒரு முடிவில் தரவு தந்த பங்கு எவ்வளவு, நாம் உள்ளே இட்ட அனுமானங்கள் தந்த பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவரே இத்துறையில் நம்பத்தக்க ஆய்வாளர் என்று நான் கருதுகிறேன். கீழே சொல்லும் பயிற்சிகள் எல்லாம் அந்தத் திறனை வளர்ப்பதற்கானவை.

மரபுவழிப் புள்ளியியலைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்

பேய்சியன் முறைதான் வேண்டும் என்று முடிவு செய்த மாணவர்களில் பலர், மதிப்பீட்டுக் கோட்பாடு, நெய்மன்–பியர்சன் எடுகோள் சோதனைகள், போதுமான புள்ளியியல் அளவைகள் (தரவில் உள்ள தகவல் முழுவதையும் அடக்கிய சுருக்கங்கள்) ஆகியவற்றை மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். இத்துறையை உருவாக்கியவர்கள் அப்படிச் செய்யவில்லை. லியனார்ட் சாவேஜும் டெனிஸ் லிண்ட்லியும் 1950-களில் தொடங்கியபோது, அன்று வழக்கத்தில் இருந்த முறைகளுக்கு உறுதியான அடிக்கோள்களை அமைத்துத் தருவதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. அடிக்கோள்களை ஒழுங்காக எழுதிக்கொண்டு அவை போகும் வழியே போனபோதுதான், அவை வழக்கமான முறைகளுக்கு அரணாக நிற்காமல் அகவய நிகழ்தகவை (ஒருவரின் நம்பிக்கையின் அளவாகக் கொள்ளும் நிகழ்தகவை) நோக்கி அழைத்துச் செல்வதை இருவரும் கண்டார்கள். மரபுக் கோட்பாட்டை அதன் உள்ளிருந்து அறிந்திருந்ததால்தான் அதன் விரிசல்கள் அவர்கள் கண்ணில் பட்டன.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவின் மாணவராக இருந்த தேபப்ரத பாசு (1924–2001), 1955-இல் நிறுவிய தேற்றம் இன்றும் முதுகலை வகுப்புகளில் கற்பிக்கப்படும் தூய மரபுவழித் தேற்றம். அதே பாசு 1971-இல் ஒரு சர்க்கஸ் யானைக் கதையைச் சொன்னார். 50 யானைகளின் மொத்த எடையை மதிப்பிட வேண்டும். ஒரே ஒரு யானையைத்தான் எடைபோட முடியும். நடுத்தர எடையுள்ள சாம்போ என்ற யானையை எடைபோட்டு 50-ஆல் பெருக்கினால் போதும் என்கிறார் சர்க்கஸ் உரிமையாளர். புள்ளியியலாளர் மறுத்து, சாம்போவுக்கு 99/100, மற்ற 49 யானைகளில் ஒவ்வொன்றுக்கும் 1/4900 என்று தெரிவு நிகழ்தகவுகளை வகுக்கிறார். சாம்போவே தெரிவாகிறது. இப்போது, எடையைத் தெரிவு நிகழ்தகவால் வகுக்கும் ஹார்விட்ஸ்–தாம்சன் மதிப்பீட்டின்படி, சாம்போவின் எடையை 100/99-ஆல் பெருக்க வேண்டும். அதாவது, 50 யானைகளின் மொத்த எடை ஒரு யானையின் எடையைவிடச் சற்றே கூடுதல் என்றாகிறது. மிகப் பெரிய யானையான ஜம்போ தெரிவாகியிருந்தால் அதன் எடையை 4900-ஆல் பெருக்க நேர்ந்திருக்கும். சராசரியில் பிறழ்ச்சி இல்லாத மதிப்பீடு, கையில் இருக்கும் ஒரு தரவுக்கு எவ்வளவு பொருந்தாத விடையைத் தரக்கூடும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஹார்விட்ஸ்–தாம்சன் மதிப்பீட்டின் பிறழ்ச்சியின்மையை நீங்களே நிறுவிப் பார்த்த பிறகு இதைப் படித்தால்தான் அந்தக் கூர்மை புரியும்.

ஆகவே முதல் ஆண்டில் அளவைக் கோட்பாட்டின் அடிப்படையிலான நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், தீர்மானக் கோட்பாடு, லைக்லிஹுட் கோட்பாடு ஆகியவற்றுக்கு நேரம் கொடுங்கள். ஒரு நிரல்மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆர், பைத்தான், ஜூலியா ஆகிய மூன்றில் எது என்பது முக்கியமில்லை.

முன்பரவல் எங்கே மறைகிறது, எங்கே மறைவதில்லை

முன்பரவலைப் பற்றிப் படிப்பதற்கு முன் இரண்டு கணக்குகளைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்.

முதல் கணக்கு லாப்லாஸினுடையது. 1745 முதல் 1770 வரை பாரிஸில் 2,51,527 ஆண் குழந்தைகளும் 2,41,945 பெண் குழந்தைகளும் பிறந்ததாகப் பதிவாகியிருந்தது. ஆண் குழந்தை பிறக்கும் நிகழ்தகவுக்கு 0 முதல் 1 வரை சீரான முன்பரவலை எடுத்துக்கொண்டால் பின்பரவலின் சராசரி ஏறத்தாழ 0.509709. அதற்குப் பதிலாக, 0.5-ஐச் சுற்றிக் குவிந்திருக்கும் பீட்டா(100, 100) பரவலை எடுத்தால் 0.509705. வேறுபாடு ஆறாம் தசம இடத்தில்தான். இதைப் பார்த்துவிட்டு, தரவு பெருகினால் முன்பரவலைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பாடநூல்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தோன்றும்.

இரண்டாவது கணக்கு, லிண்ட்லி 1957-இல் எடுத்துக்காட்டிய முரணைச் சார்ந்தது. ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டியதில் 5,100 முறை தலை விழுந்தது. நாணயம் சமச்சீரானது என்பது இன்மை எடுகோள். சராசரியிலிருந்து விலகல் சரியாக இரண்டு திட்டவிலக்கங்கள். இருபக்கச் சோதனையின் பி-மதிப்பு (இன்மை எடுகோள் உண்மையானால் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகல் வரும் நிகழ்தகவு) 0.0455. ஐந்து விழுக்காட்டு அளவில் இன்மை எடுகோளை நிராகரிக்க வேண்டும். இப்போது பேய்சியன் முறையில் இரு எடுகோள்களுக்கும் தலா 0.5 முன்நிகழ்தகவு கொடுத்து, மாற்று எடுகோளில் நிகழ்தகவு 0 முதல் 1 வரை சீராகப் பரவியிருப்பதாகக் கொள்ளுங்கள். இன்மை எடுகோளின் கீழ் இந்தத் தரவு வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.00108. மாற்று எடுகோளின் கீழ் அது 1/10,001, அதாவது ஏறத்தாழ 0.0001. தரவு இன்மை எடுகோளையே ஏறக்குறைய 10.8 மடங்கு ஆதரிக்கிறது. அதன் பின்நிகழ்தகவு 0.92-ஐ ஒட்டி வருகிறது.

பலர் இந்த இடத்தில் நின்று, பேய்சியன் முறை பி-மதிப்பை வென்றுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். மாற்று எடுகோளின் கீழ், நிகழ்தகவு 0.5-ஐச் சுற்றி 0.01 திட்டவிலக்கம் கொண்ட இயல்நிலைப் பரவலில் இருப்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். நாணயம் கோணலாக இருந்தாலும் கொஞ்சம்தான் கோணலாக இருக்கும் என்பது இதன் பொருள். சீரான பரவலைக் காட்டிலும் இது நடைமுறைக்கு நெருக்கமானது என்று யாரும் வாதிடலாம். இப்போது இன்மை எடுகோளுக்கான ஆதரவு 0.45 மடங்காகச் சரிகிறது, பின்நிகழ்தகவு 0.31. பத்தாயிரம் தரவுகள் இருந்தும், முன்பரவலின் அகலம் மாறியதால் முடிவு தலைகீழாயிற்று.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பண்பளவையின் (மாதிரியில் நமக்குத் தெரியாத எண்ணின்) மதிப்பைக் கணிக்கும்போது தரவு பெருகப் பெருக முன்பரவலின் செல்வாக்கு கரைகிறது. இரு எடுகோள்களை ஒப்பிடும்போது மாற்று எடுகோளுக்குள் இருக்கும் முன்பரவலின் அகலம் விடையில் நிலையாகத் தங்கிவிடுகிறது. ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் 1939-இல் சோதனைகளுக்கென்று தனி முன்பரவல்களைத் தேடியதும், ஹோசே பெர்னார்டோ 1979-இல் சுட்டு முன்பரவல்களை (தரவே மேலோங்கிப் பேச இடம்தருபவை) அறிமுகம் செய்ததும் ஏன் என்பது இந்தக் கணக்குகளைப் போட்டவருக்கு விளங்கும். பிறகு அக்கட்டுரைகளைப் படியுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முன்பரவலை எழுதியதும், தரவைத் தொடாமல், அந்த முன்பரவலிலிருந்து பண்பளவைகளை எடுத்து அவற்றிலிருந்து கற்பனைத் தரவை உருவாக்கிப் பாருங்கள். பெரியவர்களின் உயரம் பற்றிய மாதிரி மூன்று மீட்டர் மனிதர்களைத் தாராளமாகப் படைக்கிறதென்றால், அந்த முன்பரவல் நடுநிலையானது என்ற பெயரில் பொருந்தாத கருத்தை உள்ளே கொண்டுவந்திருக்கிறது.

எட்டுப் பள்ளிகள்

படிநிலை மாதிரிகளைக் கற்க, டொனால்ட் ரூபின் 1981-இல் ஆராய்ந்த தரவைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. அமெரிக்காவில் எட்டுப் பள்ளிகளில் சாட் என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புகள் மதிப்பெண்ணை எவ்வளவு உயர்த்தின என்று தனித்தனியே மதிப்பிட்டார்கள். கிடைத்த விளைவுகள்: 28, 8, −3, 7, −1, 1, 18, 12. அவற்றின் திட்டப்பிழைகள் முறையே 15, 10, 16, 11, 9, 11, 10, 18. எட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் சராசரி விளைவு 7.7, திட்டப்பிழை 4.1. முதல் பள்ளியின் பயிற்சி உண்மையிலேயே 28 மதிப்பெண் உயர்த்தியதா, எல்லாப் பள்ளிகளும் ஏறத்தாழ 8 உயர்த்தினவா என்பதே கேள்வி.

படிநிலை மாதிரி இரண்டுக்கும் நடுவில் வழி தேடுகிறது. ஒவ்வொரு பள்ளியின் உண்மை விளைவும் ஒரு பொதுச் சராசரியைச் சுற்றி டௌ என்ற திட்டவிலக்கத்துடன் பரவியிருப்பதாகக் கொள்கிறோம். பொதுச் சராசரியை 8 என்று நிறுத்தி, டௌ 5 என்று வைத்தால், முதல் பள்ளியின் சொந்தத் தரவுக்குக் கிடைக்கும் எடை 25-ஐ 250-ஆல் வகுத்தது, அதாவது பத்தில் ஒரு பங்கு. 28 என்ற விளைவு 10-ஆகச் சுருங்குகிறது. டௌ 10 என்றால் எடை 100-ஐ 325-ஆல் வகுத்ததாகி, மதிப்பீடு 14-ஐத் தாண்டுகிறது. ஆக, விடையின் பெரும்பகுதி டௌவின் கையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நம்மிடம் எட்டே எட்டுப் புள்ளிகள். மென்பொருளில் ஓட்டுவதற்கு முன் இந்தச் சுருக்கத்தை எட்டுப் பள்ளிகளுக்கும் காகிதத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்து, டௌவுக்கு எந்த முன்பரவல் என்ற கேள்வியில் தேவையான நேரம் தங்குங்கள். மிகச் சிறிய பண்பளவைகள் கொண்ட தலைகீழ் காமா பரவலை ஒன்றும் அறியாத முன்பரவலாகப் பலர் வெகுகாலம் பயன்படுத்தி வந்தார்கள். குழுக்கள் சிலவாக இருந்து டௌ சுழியத்துக்கு அருகில் இருக்க வாய்ப்புள்ளபோது, அந்தப் பரவல் விடையை வலுவாக இழுக்கிறது என்பதை ஆண்ட்ரூ கெல்மன் 2006-இல் இதே பள்ளித் தரவைக் கொண்டு காட்டி, அரை-டி வகைப் பரவல்களைப் பரிந்துரைத்தார். புதிய தேற்றம் எதுவும் இல்லாமல், எல்லோரும் பழக்கத்தால் செய்துவந்த ஒன்றை நன்கு அறிந்த தரவில் சோதித்துப் பார்த்த ஆய்வு அது. இளம் ஆய்வாளர் இதைப் போன்ற ஒரு கேள்வியோடு தொடங்கலாம்.

கணிப்பைக் கற்பதும் சந்தேகிப்பதும்

பின்பரவலை எழுதுவது எளிது. அதைத் தொகையிடுவது கடினம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பேய்சியன் முறை கொள்கையளவில் நின்றுவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லிண்ட்லி, கார்ல் பியர்சன் உருவாக்கிய லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் துறைக்கு 1967-இல் தலைமையேற்று, 1972-இல் தம் மாணவர் ஏட்ரியன் ஸ்மித்துடன் நேரியல் மாதிரிகளுக்கான படிநிலைக் கோட்பாட்டை வெளியிட்டபோதும் தொகையீடுகள் தடையாகவே இருந்தன. அந்தத் தடையை நீக்கிய கருவிகள், அதாவது தொகையிடாமல் பரவலிலிருந்து மதிப்புகளை எடுத்துத் தரும் வழிமுறைகள், வெளியே பல இடங்களில் ஏற்கெனவே இருந்தன: மெட்ரோபொலிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1953-இல் இயற்பியலுக்காக எழுதிய வழிமுறை, ஹேஸ்டிங்ஸ் 1970-இல் அதைப் பொதுமைப்படுத்தியது, ஜெமன் சகோதரர்கள் 1984-இல் படங்களைத் தெளிவாக்கப் பயன்படுத்திய கிப்ஸ் கூறெடுப்பு. ஆலன் கெல்ஃபண்டும் அதே ஸ்மித்தும் 1990-இல் இவற்றைப் புள்ளியியலின் அன்றாடக் கணக்குகளோடு இணைத்துக் காட்டியதும் துறை சில ஆண்டுகளில் உருமாறியது. பிற துறைகளின் கட்டுரைகளைப் படிக்க வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்குங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த வரலாறே காரணம்.

கிப்ஸ் கூறெடுப்பை ஒரு தடவையும் மெட்ரோபொலிஸ் வழிமுறையை ஒரு தடவையும் நீங்களே நிரலாக எழுதுங்கள். அதன்பின் ஸ்டான் போன்ற மென்பொருளுக்கு மாறிவிடலாம். அது பயன்படுத்தும் ஹாமில்டோனியன் முறையைச் சொந்தமாக எழுதுவதில் மாதங்களைச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் மென்பொருள் தரும் எண்களைச் சந்தேகிக்கத் தெரிய வேண்டும். குறைந்தது நான்கு சங்கிலிகளை (பின்பரவலிலிருந்து அடுத்தடுத்து மதிப்புகளை எடுக்கும் ஓட்டங்களை) வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். கெல்மனும் ரூபினும் 1992-இல் தந்த, சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹாட் அளவை 1.1-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று முன்பு சொல்லப்பட்டது, இப்போது 1.01 என்ற கடுமையான எல்லையே பரிந்துரைக்கப்படுகிறது.

எட்டுப் பள்ளிகள் மாதிரி இங்கும் கைகொடுக்கும். அதை நேரடியாக எழுதினால், டௌ சுழியத்தை நெருங்கும் இடத்தில் பின்பரவல் புனல்போல் குறுகுகிறது. சங்கிலி அந்தக் கழுத்துக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறது, ஸ்டான் விலகல் எச்சரிக்கைகளைத் தருகிறது. எச்சரிக்கையை அடக்குவதற்காகப் படியளவை மட்டும் குறைத்துப் பார்ப்பது அரைகுறைத் தீர்வு. பள்ளியின் விளைவை, பொதுச் சராசரியோடு டௌவால் பெருக்கிய ஒரு தர இயல்நிலை மாறியைக் (சராசரி 0, திட்டவிலக்கம் 1) கூட்டியதாக மாற்றி எழுதுங்கள். கணித அளவில் மாதிரி மாறவில்லை. ஆனால் புனல் அகன்றுவிடும், எச்சரிக்கைகளும் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு வடிவங்களிலும் ஓட்டி, டௌவின் சிறிய மதிப்புகளுக்குக் கிடைக்கும் நிகழ்தகவு எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒப்பிடுங்கள்.

புதிய மாதிரி ஒன்றை நீங்களே உருவாக்கும்போது, உண்மைத் தரவுக்குப் போகுமுன் இன்னொரு சோதனை தேவை. முன்பரவலிலிருந்து ஒரு பண்பளவையை எடுத்து, அதிலிருந்து தரவை உருவாக்கி, அந்தத் தரவுக்குப் பின்பரவலைக் கணித்து, முதலில் எடுத்த மதிப்பு பின்பரவல் கூறுகளுக்கு இடையே எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். இதைப் பல நூறு தடவை செய்தால் அந்தத் தரவரிசைகள் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நிரலிலோ கணிப்பு முறையிலோ பிழை இருக்கிறது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் வெளிவரும் புதிய கணிப்பு முறைகளை நான் நம்புவதில்லை.

ஆய்வுக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கெனவே உள்ள முன்பரவல்களோடு இன்னொரு பண்பளவையைச் சேர்த்து, ஒரு புதிய பெயரிட்டு, உருவகத் தரவில் சிறிது முன்னேற்றம் காட்டும் ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் இறங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. யாருடைய தரவு அந்த முன்பரவலைக் கேட்டது என்று உங்களால் சொல்ல முடியவில்லையென்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். ஒரு நோய்ப்பரவலியலாளருடனோ வேளாண் விஞ்ஞானியுடனோ சூழலியலாளருடனோ ஓராண்டாவது சேர்ந்து பணியாற்றினால், இருக்கும் முறைகள் எங்கே உடைகின்றன என்பது தானாகவே தெரியவரும்.

கோட்பாட்டில் ஈடுபாடுள்ளவர்களுக்கு, மாதிரி தவறாக இருக்கும்போது பின்பரவல் என்ன செய்கிறது என்ற கேள்வியை முதலில் பரிந்துரைப்பேன். பெர்ன்ஸ்டைன்–ஃபான் மீஸஸ் தேற்றத்தின்படி, ஒழுங்கான நிபந்தனைகளில் தரவு பெருகும்போது பின்பரவல் இயல்நிலைப் பரவலை நெருங்குகிறது, பேய்சியன் இடைவெளிகளும் மரபுவழி நம்பிக்கை இடைவெளிகளும் ஒன்றுபடுகின்றன. மாதிரி தவறானால் இந்த ஒற்றுமை பொதுவாகக் குலைந்துவிடும். 95 விழுக்காட்டு இடைவெளி 95 விழுக்காடு தடவை சரியாக இருக்கும் என்ற உறுதி போய்விடும். பண்பளவைகளின் எண்ணிக்கைக்கு எல்லையில்லாத மாதிரிகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. தாமஸ் ஃபெர்குசன் 1973-இல் டிரிக்லே செயல்முறையை (பரவல்களின் மீதே அமைக்கும் முன்பரவலை) தந்து அந்தத் துறையைத் திறந்தார். பெர்சி டயகோனிஸும் டேவிட் ஃப்ரீட்மனும் 1986-இல், இயல்பாகத் தோன்றும் முன்பரவல்கள்கூட எல்லையற்ற தரவிலும் உண்மையைச் சென்றடையாமல் போகலாம் என்று நிறுவினார்கள். எந்த முன்பரவல்கள் எந்த வேகத்தில் உண்மையை நெருங்குகின்றன என்ற ஆய்வு இன்றும் தொடர்கிறது. கணிப்பில் ஈடுபாடுள்ளவர்கள், வேகத்துக்காகப் பயன்படுத்தும் மாறுபாட்டு அண்ணளவாக்கங்கள் (பின்பரவலுக்குப் பதிலாக அதற்கு நெருக்கமான எளிய பரவலை வைப்பவை) நிச்சயமின்மையை எவ்வளவு குறைத்துக் காட்டுகின்றன என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

நெறியாளரைத் தேடும்போது, அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட அவருடைய மாணவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். லிண்ட்லியின் மாணவர்களில் ஸ்மித் கணிப்புப் புரட்சிக்கு வழிவகுத்தார். பெர்னார்டோ முன்பரவல் கோட்பாட்டை வளர்த்ததோடு 1979-இல் தொடங்கிய வலென்சியா கூட்டங்களின் மூலம் உலகெங்கும் சிதறிக்கிடந்த பேய்சியன் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டினார். இந்தியாவில் 1931-இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஒரு மையம் உண்டு. வெளிநாடுகளில் டியூக், வாரிக் பல்கலைக்கழகத் துறைகள் இத்துறைக்குப் பெயர்பெற்றவை. 1992-இல் உருவான பேய்சியன் பகுப்பாய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2006 முதல் கட்டணமின்றி எவரும் படிக்கக்கூடிய ஓர் ஆய்விதழை நடத்துகிறது. அதில் கட்டுரைகளோடு பிற ஆய்வாளர்களின் விவாதங்களும் ஆசிரியரின் மறுமொழியும் வருவதுண்டு. கட்டுரையைப் படித்த கையோடு அந்த விவாதங்களையும் படியுங்கள். ஒரு முடிவை எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்பார்கள் என்பது அங்கேதான் புலப்படும்.

முதல் கட்டுரையை எழுதும்போது, முன்பரவல்களைப் பின்னிணைப்பில் தள்ளாமல் மாதிரியை விவரிக்கும் பத்தியிலேயே காரணத்தோடு எழுதுங்கள். முக்கிய முடிவை குறைந்தது இரண்டு மாற்று முன்பரவல்களில் மறுபடி கணித்து, மாறியது எது, மாறாதது எது என்று ஒரே அட்டவணையில் காட்டுங்கள். மாறியிருந்தால் அதை முடிவுரையிலும் சொல்லுங்கள். பின்பரவலிலிருந்து உருவாக்கிய தரவையும் உண்மைத் தரவையும் ஒரே படத்தில் வைத்து, மாதிரி எங்கே பொருந்தவில்லை என்று சுட்டுங்கள். நிரலையும், அனுமதி இருந்தால் தரவையும் கட்டுரையோடு வெளியிடுங்கள். எந்தப் பதிப்பு மென்பொருளில், சமவாய்ப்பு எண்களுக்கான எந்தத் தொடக்க எண்ணில் ஓட்டினீர்கள் என்பதையும் குறிப்பிட்டால், மதிப்பீட்டாளர் உங்கள் அட்டவணையைத் தம் கணினியிலேயே திரும்ப உருவாக்கிப் பார்க்க முடியும்.